மறு உத்தரவு வராத வீடு

பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் ஆபீஸ் கடிதங்களில் வந்தது. "வாட் இஸ் யுவர் நேம்" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் சிரிப்பாள். ஆனால் பால்காரர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால், பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, "இன்னாப்பா, இன் டியூ கோர்ஸ்ல வரே போல கீது" என்பாள். குழாயடியில் யாராவது குடத்தை வைத்துவிட்டு "தோ வந்துட்டேன்" என்று போனால், "நோட்டட், நோட்டட்" என்று சொல்லிக்கொண்டே அந்தக் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பாள்.

என் புருஷன், "இந்த ஞாயித்துக்கெழமை கூரைத் தகட்டை மாத்திடறேன்" என்று நான்காவது தடவையாகச் சொன்னபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன் ஊட்டுக்காரரு சொல்றது ஆக்டிவ் கன்சிடரேஷன்மா. நீயே ஒரு ஆளைப் பாத்து வெச்சுக்கோ."

அப்போது நான் கல்யாணமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. அடுத்த மழையில் கட்டில் நனைந்தபோது விளங்கியது.

அத்தை என்று கூப்பிட்டேனே தவிர உறவெல்லாம் கிடையாது. எனக்குச் சொந்த ஊர் பூதிகோட்டை. தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து கே.ஜி.எஃப். தங்கவயலில் ஒரு லைன் வீட்டில் விட்டார்கள். கம்பெனிக்காரர்கள் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள் அவை. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, மேலே தகடு. நடுச்சுவர் தகடு வரைக்கும் போகாது. அத்தை அந்தப் பக்கம் இருமினால் நான் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். அந்தச் சுவர் முழுசாக இருந்திருந்தால் நான் இவ்வளவு சிக்கியிருக்கமாட்டேன்.

மாமனார் காலத்தில் ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் போனார்கள். சுரங்கத்தை மூடிய பிறகு பிள்ளைகள் விடிகாலை ரயிலில் ஏறி பெங்களூருக்குப் போகிறார்கள். நானும் போனேன். ஃப்ரிட்ஜ், மிக்ஸி விற்கும் ஒரு கம்பெனியில், புகார் சொல்லி எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் அனுப்பும் வேலை. இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே அத்தை ஒரு தகரப் பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"நீ பதில் எழுதறவளாமே. அப்போ உனக்குத்தாம்மா இது புரியும்."

பெட்டி நிறையக் கடிதங்கள். எல்லாம் அவள் ஆட்களைப் பிடித்து எழுதவைத்த மனுக்களுக்குச் சுரங்கக் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸிலிருந்து வந்த பதில்கள். அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடிந்த பழுப்புக் காகிதம் ஒன்று இருந்தது. நான்கு மூலையிலும் கிழிசல்.

அதன் கதையை அவள் சொல்லிக் கேட்டதைவிட லைனில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். அத்தையின் புருஷன் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் ஆழத்தில், லெவல் என்கிற ஒரு அடுக்கில் வேலை பார்த்தவர். ஒருநாள் பாறை வெடித்து அந்த லெவல் மூடிக்கொண்டது. கூட இருந்தவர்களை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அவரை எடுக்க முடியவில்லை. தேடப் போனவர்கள் மேலேயே பாறை விழப் பார்த்தது. சில நாள் கழித்து ஷாஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மேற்படி பகுதியில் தேடும் பணி மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று இங்கிலீஷில் ஒரே வாக்கியம். படித்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்களாம். அத்தை மட்டும் அழாமல், "அன்டில் ஃபர்தர் ஆர்டர்ஸ்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறாள். யாரோ ஒரு மகராசன், "இன்னொரு ஆர்டர் வர்ற வரைக்கும்னு அர்த்தம்மா" என்று சொல்லிவிட்டான். அவள் அந்த நோட்டீஸைப் பலகையிலிருந்து பிய்த்து மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் தெரிந்துகொண்ட முதல் இங்கிலீஷ் வாசகம் அதுதான். அந்த இன்னொரு ஆர்டர் வரவே இல்லை.

கம்பெனியிலிருந்து பிற்பாடு ஒரு காகிதம் வந்தது. அதில் அவர் இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று எழுதியிருந்தது. பென்ஷனுக்காக அத்தை அதில் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அதையும் அவள் விடவில்லை. "கருதப்படுறாருன்னா, கருதறது யாரு? நான் கருதலியே" என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். 

லைனில் பாதிப் பேர் பௌத்தர்கள். அத்தையும்தான். ஒருவர் இறந்தால் பிக்குவை வரவழைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பஞ்சசீலம் சொல்லி, இறந்தவர் பெயரால் தானம் கொடுத்து முடிப்பார்கள். அத்தை தன் புருஷனுக்கு அதைச் செய்யவில்லை. அவர் சட்டை ஆணியில் தொங்கியது. மாதம் ஒருமுறை துவைத்து மறுபடியும் அதே ஆணியில் மாட்டுவாள். ஆண்டர்சன்பேட்டையில் இருந்த அவள் தம்பி வருஷா வருஷம் வந்து கெஞ்சுவார்.

"எத்தினி வருசம்கா இப்பிடியே வெச்சுக்கினு இருப்பே? அவுருக்கு ஒரு வந்தனை பண்ணி அனுப்பிடலாம்."

"தேடறத நிறுத்தி வெச்சுகீறாங்கடா. முடிக்கலே. அவுங்க முடிக்காம நான் எப்பிடி முடிக்கிறது?"

பைத்தியம் என்று நினைக்கத் தோன்றும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அவளுடைய நோட்டைப் பார்த்தேன்.

அது கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் கடிதங்களில் வந்த வாசகங்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள். வலது பக்கம் அர்த்தம். அகராதியைப் பார்த்து எழுதிய அர்த்தம் இல்லை அது. ஒரு வாசகம் வந்த பிறகு என்ன நடந்தது, எத்தனை மாதம் கழித்து அடுத்த கடிதம் வந்தது என்று பார்த்து அவளே கண்டுபிடித்தது. 'அண்டர் கன்சிடரேஷன்', அதாவது பரிசீலனையில் இருக்கிறது என்பதற்கு எதிரே 'படிக்கலே' என்று இருந்தது. 'அண்டர் ஆக்டிவ் கன்சிடரேஷன்' என்பதற்கு 'படிச்சுட்டு வெச்சுட்டான்'. 'தி இன்கன்வீனியன்ஸ் இஸ் ரிக்ரெட்டட்' என்பதற்கு 'வருத்தம்தான், யாருக்குன்னு எழுதலே'. கடிதத்தின் கீழே வரும் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'க்கு நேரே, 'எல்லாத்துலயும் கீது, பாக்க வேணாம்' என்று எழுதி ஒரு கோடு.

மூன்றாம் பக்கத்தில் 'இன் டியூ கோர்ஸ்' இருந்தது. அதாவது உரிய காலத்தில். அதற்கு அவள் எழுதியிருந்த அர்த்தம்: 'தண்ணி நெறஞ்சப்புறம்'.

இது எனக்குப் புரியவில்லை என்று சொன்னதும் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். சுரங்கத்தை மூடினதும் உள்ளே தண்ணீர் இறைக்கும் பம்புகளையும் நிறுத்திவிட்டார்கள். அடியிலிருந்து தண்ணீர் லெவல் லெவலாக ஏறியது. பம்பில் வேலை பார்த்த ஒருவரிடம் போய் இப்போது எந்த லெவல் வரைக்கும் ஏறியிருக்கும் என்று அடிக்கடி கேட்டுக்கொண்டு வருவாளாம். தன் புருஷன் கிடக்கும் லெவலுக்குத் தண்ணீர் வருவதற்குள் எடுத்துவிடச் சொல்லி மனுமேல் மனு போட்டாள். உரிய காலத்தில் தெரிவிக்கப்படும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த வாரமே பம்புக்காரர், "தாண்டிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டார்.

"அப்பால நான் அவரைக் கொண்டாங்கன்னு கேக்கறதில்லே. தண்ணிக்குள்ள இருக்கிற ஆள எப்பிடிக் கொண்டார முடியும்? எனக்குத் தெரியாதா? அந்த இன்னொரு ஆர்டரைக் குடுங்கன்னுதான் கேக்கறேன். தேடறதா இருந்தா தேடு. இல்லியா, முடியாது, முடிஞ்சிபோச்சுன்னு எழுதிக் குடு. நான் அவுருக்குப் பண்ண வேண்டியதப் பண்ணிட்டுப் போறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பிறகு மனுக்களை நான் எழுதினேன். நான்கு மாதத்துக்கு ஒன்று. நான் எழுதியதால் இங்கிலீஷ் கொஞ்சம் நன்றாக இருந்ததே தவிர பதில் மாறவில்லை. ஒவ்வொரு பதில் வந்ததும் அத்தை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள். "ஐ ஆம் டைரக்டட் டு இன்ஃபார்ம் யூ" என்று நான் ஆரம்பித்தாலே கையைக் காட்டி நிறுத்துவாள். உங்களுக்குத் தெரிவிக்கும்படி எனக்குக் கட்டளை என்று அதற்கு அர்த்தம்.

"யாரு கட்டளை போட்டதுன்னு எழுதிகீறானா பாரு."

"இல்ல அத்தே."

"எப்பவும் எழுதமாட்டான். ஆனா ஒருத்தர் இருக்காரும்மா. கட்டளை போடறவரு ஒருத்தர் இல்லாம இவன் எப்பிடி எழுதுவான்? காம்பிடென்ட் அத்தாரிட்டின்னு ரெண்டு கடுதாசில வந்துகீது பாரு, அவருதான். எல்லாத்தையும் அவரு படிச்சுக்கினுதான் இருப்பாரு. ஒருநா மனசு எறங்கும்."

உத்தரவு போட உரிய அதிகாரி என்று அதற்கு அர்த்தம். அவளுக்கு அந்த நம்பிக்கை இருந்தது. வாசகங்களைக் கிண்டல் செய்வாள், பால்காரர் மேலும் என் புருஷன் மேலும் ஏவி விடுவாள். ஆனால் அந்த வாசகங்களை யாரோ ஒருவர் தன்னை நினைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார் என்று நம்பினாள். போன கடிதத்தில் 'கன்சிடரேஷன்' என்று இருந்து இந்தக் கடிதத்தில் 'ஆக்டிவ்' சேர்ந்திருந்தால் அவளுக்கு அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். நோட்டில் 'படிச்சுட்டு வெச்சுட்டான்' என்று அவளே எழுதியிருந்தாலும், படித்தான் இல்லையா என்பாள்.

ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள். நான் லீவு போட்டேன். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கஞ்சி போட்ட புடவை கட்டி, பொட்டு வைத்து, பூ வைத்துக்கொண்டு வந்தாள். மடியில் அந்த நோட்டீஸ். ரயிலில் வழி நெடுக, காம்பிடென்ட் அத்தாரிட்டி வயசானவராக இருப்பாரா, தமிழ் தெரியுமா, கன்னடத்திலேயே பேசிவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆபீஸில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். நல்ல பெண். "கூத்கொள்ளி அம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். ரிஜிஸ்டரைப் புரட்டி, ஃபைல் மேலே போயிருக்கிறது என்றாள். அத்தை நிதானமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள்:

"ஆளு கீழே கீறாரு. ஃபைலு மேலே மேலே போய்க்கினே கீது."

பிறகு அந்தப் பெண்ணிடம் கன்னடத்தில், காம்பிடென்ட் அத்தாரிட்டியைப் பார்க்க வேண்டும், எந்த ரூம் என்று கேட்டாள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். அது ஒரு ஆள் இல்லை அம்மா, எழுதும்போது அப்படிப் போடுவது வழக்கம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். பெரியவளை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எங்களுக்கு வந்த போன கடிதத்தைத் திறந்தாள். தேதியை மாற்றினாள், நம்பரை மாற்றினாள். அச்சடித்து உள்ளே கொண்டுபோனாள். இரண்டு நிமிஷத்தில் கையெழுத்தோடு கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தாள். தபாலில் வர ஒரு வாரமாகும், இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தாள்.

அத்தை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒயிட்ஃபீல்டு தாண்டிய பிறகு கேட்டாள்.

"நீயும் உன் ஆபீஸ்ல இப்பிடித்தான் பண்ணுவியாம்மா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். நான் அப்படியில்லை, ஒவ்வொன்றாகப் படித்து யோசித்துத்தான் எழுதுவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கிழவி இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள். அன்றைக்கு எனக்கு அலுப்பு. ஒரு நாள் லீவு வீணாகப் போன எரிச்சல் வேறு.

"ஆமா அத்தே. பதிலெல்லாம் மொதல்லயே எழுதி வெச்சிருக்கும். புகார்ல ஒரு வார்த்தையப் பாத்தா எதைப் போடணும்னு தெரிஞ்சிடும். அமுக்கினா போயிடும்."

"முழுசாப் படிக்கமாட்டியா?"

"அதுக்கெல்லாம் நேரமே இருக்காது."

"உங்கள் வருத்தம் புரிகிறதுன்னு எழுதுவீங்கன்னு சொன்னியே."

"அதுவும் அதுலயே இருக்கும் அத்தே."

 பங்காருப்பேட்டையில் வண்டி நின்று என்ஜின் மாற்றிக்கொண்டிருந்தபோது மடியிலிருந்த கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அப்போ இத்தினி வருசமா நான் யாரு எழுதினதுக்கு அர்த்தம் கண்டுபுடிச்சுக்கினு இருந்தேன்?"

என்னிடம் கேட்கிற மாதிரி இல்லை.  

அந்த நாளுக்குப் பிறகு அத்தை இங்கிலீஷ் பேசுவதை விட்டுவிட்டாள். பால்காரர் தாமதமாக வந்தால் பேசாமல் பாத்திரத்தை நீட்டினாள். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு, "இன்னாம்மா, டியூ கோர்ஸ்னு ஒண்ணும் சொல்லலியே" என்று அவரே எடுத்துக் கொடுத்தும் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. குழாயடியில் மற்றவர்கள் குடத்துக்குப் பின்னால் நின்றாள். மனு போடும் மாதம் வந்தது. நான் காகிதம், பேனாவோடு போனேன். "வேணாம்மா, நீ போய்ப் படு, காலையில ரயிலு கீது" என்றாள். அவர் சட்டையைத் துவைப்பது மட்டும் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வேளைதான் சமைத்தாள்.

நான் செய்ததுக்கு நானே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது பதில் அனுப்புவது. அவள் கேட்ட பதிலை நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். தப்பு என்று தெரியும். பழைய கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அதே மாதிரி அமைத்தேன். மேலே நம்பர், தேதி, அவள் மனுவின் விவரம், கீழே புரியாத ஒரு கையெழுத்து. சீல்கூட மங்கலாக வருகிற மாதிரி செய்துவிட்டேன். நடுவில் எழுத வேண்டிய வரிக்குத்தான் மூன்று சாயங்காலம் ஆனது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பதில் அனுப்புகிறவளுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில், சின்னக் குழந்தைக்கும் புரிகிற இங்கிலீஷில் எழுதினேன். 'வீ கேனாட் பிரிங் யுவர் ஹஸ்பண்ட் அப். தி சர்ச் இஸ் ஓவர். வீ ஆர் சாரி.' உங்கள் கணவரை எங்களால் மேலே கொண்டுவர முடியாது. தேடுதல் முடிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரிலேயே தபாலில் போட்டேன். சனிக்கிழமை வந்தது. அத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். குளித்திருந்தாள்.

"படி."

படித்தேன். இங்கிலீஷிலும் தமிழிலும் படித்தேன்.

"இன்னொரு தரம்."

மறுபடியும் படித்தேன்.  அத்தை காகிதத்தை வாங்கி, இத்தனை வருஷத்தில் பழகிய எழுத்துகளை விரலை வைத்துக் கூட்டி அவளே ஒருமுறை படித்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். எதிரில், தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கம்பெனிக்காரர்கள் கொட்டிய சைனைட் மண்மேட்டின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லா எழுதிகீறே" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். 

"எப்பிடி அத்தே கண்டுபுடிச்சீங்க?"

"நம்பரு கீது, தேதி கீது, சீலு கீது. எல்லாஞ் சரியாத்தான் வெச்சுகீறே. ஆனா ஆபீஸு முடியாதுன்னு எழுதாதும்மா. முடியாதுன்னு எழுதினா, யாரோ ஒருத்தரு எழுதினதா ஆயிடுமில்லே."

"மன்னிச்சிடுங்க அத்தே."

"உம்மேல இன்னா தப்பு. இதையே அங்க குந்திக்கினு இருக்கிற ஒருத்தன் எழுதியிருந்தா, இன்னிக்குச் சாயங்காலமே பிக்குவை வரச்சொல்லி ஆளனுப்பியிருப்பேன். நீ எழுதினா செல்லாதேம்மா. நீ எங்க ஆளாச்சே."

கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தகரப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதைப்பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை.

காற்று மாதத்தில் மண்மேட்டிலிருந்து தூசி பறந்து வந்து லைன் முழுக்கப் படியும். துணி, சோறு, படுக்கை எல்லாவற்றிலும் இருக்கும். அந்த வருஷம் அத்தைக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டது. ராபர்ட்சன்பேட்டையில் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்தேன். மருந்தைக் குடித்தாள், சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வருகிறேன், லைன் முனையிலேயே பெஞ்சுகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

மறுநாள் பிக்கு வந்தார். அத்தையின் தம்பி மெழுகுவத்திக் கட்டோடு நின்றிருந்தார். நான் அவரிடம் போய், அண்ணே, இரண்டு பேருக்கும் சேர்த்தே செய்துவிடலாமே என்று சொன்னேன். அதைச் சொல்ல என்னைத் தவிர யாருக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு எண்ணம் எனக்கு.

"நானும் அதாம்மா நெனச்சேன்" என்றார் அவர். "ஆனா போன மாசமே அக்கா என்கிட்ட சொல்லி, சத்தியம் வாங்கிக்கிச்சு. எனக்கு மட்டும் பண்ணு, அவுருக்கு இன்னும் ஆர்டர் வரலேன்னு."

அத்தைக்கு மட்டும் நடந்தது. பஞ்சசீலம் சொல்லி முடித்துப் புத்தர் படத்துக்கு முன்னால் எல்லாரும் குனிந்து எழுந்தோம். ஆணியில் சட்டை அப்படியே தொங்கியது. அதை எடுப்பதா விடுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆபீஸுக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதினேன். மனுதாரர் இறந்துவிட்டார், அவர் கேட்ட உத்தரவை இப்போதாவது போட்டு முடித்துவையுங்கள் என்று. இறப்புச் சான்றிதழின் நகலையும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அத்தையின் பெயருக்கே வந்தது. உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது, மறு உத்தரவு உரிய காலத்தில் உங்களுக்குத் தெரிவிக்கப்படும், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எந்தப் பட்டியலில் எந்த வரியை யார் அமுக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நல்ல பெண்ணாகக்கூட இருக்கலாம். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அன்றைக்குக் காலையிலும் எத்தனையோ பேருக்கு உங்கள் வருத்தம் புரிகிறது என்று அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

புதிதாக வாசகம் ஏதாவது வந்தால் நோட்டில் ஏற்றிவிடுவது அத்தையின் வழக்கம். அவளுக்காக நானாவது ஏற்றலாம் என்று பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்தேன். புதிதாக எதுவும் இல்லை. எல்லாம் முன்பே இருந்தது. 'இன் டியூ கோர்ஸ்' மூன்றாம் பக்கத்தில், தன் அர்த்தத்தோடு இருந்தது. மூடிவைக்கப் போகும்போது பின்பக்கத்தில் ஏதோ எழுத்து தெரிந்தது. திருப்பினேன்.

கடைசிப் பக்கத்திலும் நடுவில் கோடு கிழித்திருந்தாள். இடது பக்கம் நான் எழுதிய வரி. வீ கேனாட் பிரிங் யுவர் ஹஸ்பண்ட் அப். எழுத்துக் கோணல்மாணலாக இருந்தது, பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் அழுதேன். அவள் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதேன்.

வலது பக்கம் காலியாக இருந்தது. நோட்டு முழுக்கத் தேடினேன். அவள் அர்த்தம் எழுதாமல் விட்டிருந்த வரி அது ஒன்றுதான்.